முதலில் நோட்டு, அப்புறம்தான் லூசிட் ட்ரீம்

"எனக்கெல்லாம் கனவே வராதுப்பா" என்பவர்களுக்கும் ராத்திரிக்கு நாலைந்து தடவை கனவு வருகிறது. மனதில் பதிவதுதான் இல்லை. கனவு அதிகம் வரும் ரெம் (REM, மூடிய கண்கள் வேகமாக அசையும் கட்டம்) தூக்கத்தின்போது மூளையில் நாரட்ரினலின் சுரப்பு ஏறக்குறைய நின்றுபோகிறது. புது ஞாபகத்தைப் பதிய வைப்பதில் அந்த ரசாயனத்துக்குப் பங்கு உண்டு. கண் விழித்ததும் கண்ணெதிரே நிற்கும் கனவு பல் விளக்கி முடிப்பதற்குள் காணாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

"இது கனவு" என்று தெரிந்தே காணும் கனவுதான் லூசிட் ட்ரீம். அதைப் பழக வருகிறவர்கள் பெரும்பாலும் வாலில் பிடிக்கிறார்கள். நோட்டு, பேனா எதுவும் இல்லாமல் முதல் ராத்திரியே பறக்கப் பார்த்து, ஒரு வாரத்தில் "இதெல்லாம் சும்மா" என்று விட்டுவிடுகிறார்கள். இதற்கு மன உறுதியை விட ஞாபகம்தான் அதிகம் வேண்டும். லூசிட் கனவே வந்தாலும் காலையில் மறந்துவிட்டால் வராத மாதிரிதான். தன் கனவுகள் எப்படி இருக்கும் என்று தெரியாதவர் அதற்குள் நிற்கும்போது அடையாளம் காண்பதும் கஷ்டம். ஆகவே ராத்திரிக்கு ஒரு கனவாவது நினைவில் நிற்கும் வரை வேறு எந்த டெக்னிக்கையும் தொட வேண்டாம்.

வேலை முழுக்க விழித்த முதல் நிமிடத்தில் இருக்கிறது. விழிப்பு வந்ததும் அசையாதீர்கள். கண்ணைத் திறக்க வேண்டாம், புரள வேண்டாம், மணி பார்க்க வேண்டாம். "இப்போ என்ன நடந்துக்கிட்டிருந்தது?" என்று மட்டும் கேளுங்கள். காட்சி எதுவும் சிக்கவில்லை என்றால் மனதில் மிச்சம் இருக்கும் உணர்வைப் பிடியுங்கள்: பதற்றமா, வெட்கமா, எங்கேயோ நேரமாகிவிட்ட மாதிரியா? அந்த நூலைப் பிடித்துப் பின்னோக்கிப் போங்கள். "அதுக்கு முன்னாடி எங்கே இருந்தேன்?" என்று கேட்டால் பல சமயம் கனவின் வால் முதலில் வரும், தலை கடைசியில் வரும். இரண்டு நிமிடம் ஆகியும் ஒன்றும் வராவிட்டால், வழக்கமாகத் தூங்கும் இன்னொரு பக்கத்துக்கு மெதுவாகப் புரண்டு மறுபடி கேளுங்கள். அந்தப் பக்கம் படுத்திருந்தபோது வந்த கனவு சில நேரம் அங்கேதான் கிடைக்கும்.

எழுத ஃபோன் வேண்டாம். திரை வெளிச்சம் ஒரு பக்கம், வாட்ஸாப் சிவப்புப் புள்ளி ஒரு பக்கம். அதைப் பார்த்த நொடியில் கனவு காலி. தலையணைக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண நோட்டு, அன்றைய தேதி எழுதித் திறந்து வைத்த பக்கம், அதன் நடுவில் பேனா. நடுராத்திரியில் மூன்று நான்கு வார்த்தை போதும். "பழைய ஸ்கூல் – ஹால் டிக்கெட் காணோம் – ஈரச் செருப்பு – மாமா பஸ் ஓட்டறார்." இவ்வளவு இருந்தால் காலையில் முழுக் கனவும் திரும்ப வரும். காலையில் விரித்து எழுதும்போது "ஓடுகிறேன், கதவு பூட்டியிருக்கிறது" என்று இப்போது நடப்பது போலவே எழுதுங்கள், ஒரு தலைப்பும் வையுங்கள். ஒன்றுமே நினைவில்லாத நாளில் "ஒன்றும் இல்லை, லேசான பயம்" என்றாவது எழுத வேண்டும். பக்கத்தை வெறுமனே விட ஆரம்பித்தால் நாலாம் நாள் நோட்டே கட்டிலுக்கடியில் போய்விடும்.

தூக்கக் கணக்கையும் பார்க்க வேண்டும். தூக்கம் சுற்றுச் சுற்றாக வரும், ஒரு சுற்று சுமார் 90 நிமிடம். முதல் சுற்றில் ரெம் சில நிமிடங்கள்தான், விடியும் பக்கம் அது அரை மணியைத் தாண்டும். ராத்திரி ஒரு மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுபவர் வெட்டி எறிவது கனவு மிகுந்த கடைசிப் பகுதியை. ஏழரை மணி நேரத் தூக்கம் இல்லாமல் இதில் இறங்குவது வீண். மதுவும் ரெம்மைக் குறைக்கும். அலாரம் அலறினால் திடுக்கிட்டு எழுவதிலேயே எல்லாம் கலைந்துவிடும், சத்தத்தைக் குறைத்து வையுங்கள்.

இரண்டு வாரம் எழுதிய பிறகு சிவப்புப் பேனாவோடு உட்காருங்கள். திரும்பத் திரும்ப வருபவை தெரியும்: படிக்காமல் போன பரீட்சை, இறந்துபோன தாத்தா திண்ணையில் உட்கார்ந்திருப்பது, வீட்டில் இதுவரை இல்லாத ஒரு அறை. இவைதான் உங்கள் கனவுக் குறிகள். இவற்றை நெட்டில் தேடிப் பயனில்லை, உங்கள் நோட்டில்தான் இருக்கும்.

அடுத்து, "இது கனவா, நிஜமா?" என்று பகலிலேயே சோதித்துப் பழக வேண்டும், அப்போதுதான் கனவிலும் அதே கேள்வி வரும். இந்தச் சோதனைகளில் நம்பகமானது மூக்குப் பிடிப்பு. வாயை மூடி மூக்கைப் பிடித்து மூச்சை இழுத்துப் பாருங்கள், காற்று வந்தால் கனவு. ரெம்மில் உடம்பின் தசைகள் முடங்கிக் கிடந்தாலும் மூச்சுத் தசையும் கண் தசைகளும் வேலை செய்யும். நீங்கள் பிடிப்பது கனவு மூக்கை, நிஜ மூக்கு பாட்டுக்கு மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். கண் தசை முடங்காததால்தான் லூசிட் கனவை நிரூபிக்கவே முடிந்தது. 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஆலன் வோர்ஸ்லி கனவுக்குள் இருந்தபடியே முன்பே பேசிவைத்த மாதிரி கண்ணை இடமும் வலமும் ஓட்டினார். ஆய்வாளர் கீத் ஹேர்ன் அதைக் கருவியில் பதிவு செய்தார்.

இந்தச் சோதனையைப் பலர் கொட்டாவி விடுவது போலச் செய்கிறார்கள். அப்படிச் செய்தால் கனவிலும் மூக்கைப் பிடித்துவிட்டு "நிஜம்தான்" என்று நகர்ந்துவிடுவீர்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் பத்து விநாடி நின்று, இங்கே எப்படி வந்தேன், இதற்கு முன் எங்கே இருந்தேன் என்று நிஜமாகவே சந்தேகப்பட வேண்டும்.

அடுத்தது ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீஃபன் லபெர்ஜ் உருவாக்கிய மைல்ட் (MILD) முறை, அதாவது கனவில் "இது கனவு" என்று ஞாபகம் வரும்படி எண்ணிக்கொண்டே தூங்குவது. பத்தரைக்குத் தூங்கினால் மூன்றரைக்கு அலாரம். எழுந்து பாத்ரூம் போய்விட்டு, மங்கலான வெளிச்சத்தில் பத்துப் பதினைந்து நிமிடம் நோட்டைப் படியுங்கள். திரும்பப் படுத்து, சற்று முன் கண்ட கனவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹால் டிக்கெட்டைத் தேடும் இடத்தில் நிறுத்துங்கள். அங்கே "அட, ஸ்கூல் முடிச்சு எத்தனை வருஷம் ஆச்சு, இது கனவு" என்று நீங்கள் உணர்வதாகக் காட்சியை மாற்றுங்கள். கூடவே "அடுத்த கனவில் இது கனவுன்னு எனக்கு ஞாபகம் வரும்" என்று அர்த்தத்தோடு சொல்லிக்கொண்டே தூங்குங்கள். மனம் வேறு எங்காவது போனால் திரும்ப அங்கிருந்தே. வார்த்தை மந்திரம் மாதிரி ஓடி அர்த்தம் கழன்றுவிட்டால் பயன் இல்லை. கடைக்குப் போகும்போது பால் வாங்க வேண்டும் என்று நினைவில் வைப்போமே, அதே வேலைதான் இது.

ஆஸ்திரேலியாவில் டென்ஹோம் ஆஸ்பி 2017இல் வெளியிட்ட ஆய்வில், பகல் சோதனை, இடையில் எழுவது, மைல்ட் மூன்றையும் சேர்த்துச் செய்தவர்களுக்கு இரண்டாம் வாரத்தில் 17 சதவீத இரவுகளில் பலன் கிடைத்தது. ஏறக்குறைய ஆறு இரவுக்கு ஒன்று. மைல்ட் முடித்து ஐந்து நிமிடத்துக்குள் தூங்கிவிட்டவர்களுக்கு அது 46 சதவீதம். அதனால் அரைமணி நேரம் தூக்கம் வராமல் புரள்கிறீர்கள் என்றால் அடுத்த முறை இடையில் விழித்திருக்கும் நேரத்தைக் குறையுங்கள். படுத்ததும் வாக்கியத்தை முடிக்குமுன் தூங்கிவிட்டால் கூட்டுங்கள். வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள், மறுநாள் விடுமுறையாக இருந்தால் மட்டும். தினமும் செய்தால் தூக்கம் கெட்டு, உள்ள ஞாபகமும் போகும். நிஜம் எது, பிரமை எது என்ற குழப்பம் உள்ள மனநோய்க்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் இதில் இறங்கவே கூடாது.

இடையில் எழுந்து படுக்கும்போது சிலருக்கு விழிப்பு வந்தும் கைகால் அசையாது, மார்பில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருக்கும். நம் ஊரில் அமுக்குவான் பேய் என்பது இதைத்தான். ரெம் முடக்கம் விலகும் முன் விழித்துவிட்டீர்கள், அவ்வளவே. திமிறாமல் மூச்சை மெதுவாக விட்டு, ஒரு கால் விரலை மட்டும் அசைக்கப் பாருங்கள். சீக்கிரத்தில் விலகிவிடும்.

முதல் லூசிட் கனவு பெரும்பாலும் சில விநாடிகள்தான். "ஆஹா!" என்ற உற்சாகமே எழுப்பிவிடும். பறப்பதெல்லாம் பிறகு. முதலில் உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்து அந்தச் சூட்டைக் கவனியுங்கள், பக்கத்துச் சுவரைத் தடவுங்கள், தரையைப் பாருங்கள். ஒரே பொருளை முறைத்துக்கொண்டு நிற்காதீர்கள். கனவு மங்கினால் மறுபடி கையைத் தேயுங்கள்.

கலைந்துவிட்டால் நோட்டை எடுப்பீர்கள். இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். எழுந்து உட்கார்ந்து, ஒரு பக்கம் முழுக்க எழுதி முடித்த பிறகு மறுபடி விழிப்பு வரும். நோட்டில் தேதி மட்டும் இருக்கும், எழுதியதும் கனவுதான். ஆகவே பேனாவைத் தொடும் முன் ஒரு தடவை மூக்கைப் பிடித்துப் பாருங்கள்.