டீசலின் தலைவிதி மேசையில்தான்

பிளாஸ்டிக் கழிவிலிருந்து டீசல் போன்ற எண்ணெய் எடுக்கும் ஆலையில் எண்ணெயின் தரத்தைச் சோதிப்பது என் வேலை. பார்க்க வருகிறவர்கள் நேராக உலையைத்தான் கேட்பார்கள். நான் முதலில் கழிவைப் பிரிக்கும் மேசைக்கு அழைத்துப் போவேன். டீசலின் தலைவிதி அங்கேதான் முடிவாகிறது.

உலை செய்வது எளிது: காற்றுப் புகாமல் 400 முதல் 500 டிகிரி செல்சியஸ் வரை சூடேற்றினால் நீண்ட கார்பன் சங்கிலிகள் அறுந்து ஆவியாகும். ஆவியைக் குளிரவைத்தால் எண்ணெய். திரவமாகாத வாயு உலைக்கே எரிபொருளாகிவிடும். அடியில் கரி தங்கும்.

மேசையில் நிற்பவர்களின் கை வேகம் பார்த்துக்கொண்டே இருக்கலாம். தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகி ஒரு கூடையில் போடுவார்கள், பாட்டிலை வேறு கூடையில். மூடி நல்ல எண்ணெய் தரும். பாட்டிலோ பெட் (PET) என்ற பிளாஸ்டிக் வகை. அதிலிருந்து வரும் அமிலங்கள் குளிர்விக்கும் குழாய்களில் பொடியாகப் படிந்து வழியை அடைக்கும். பி.வி.சி. அதைவிட மோசம். அது சூடானால் ஹைட்ரஜன் குளோரைடு கிளம்பி, ஈரத்தில் கரைந்து இரும்பை அரிக்கும். சந்தேகமான துண்டுகளைத் தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். நல்ல எண்ணெய் தரும் பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும், பெட்டும் பி.வி.சி.யும் மூழ்கும். இதைவிட மலிவான சோதனை எனக்குத் தெரியாது.

இப்படிப் பிரித்து எடுத்த எண்ணெயையும் அப்படியே எஞ்சினில் ஊற்றக் கூடாது. அதில் பெட்ரோல் போன்ற இலகுவான பகுதியும் மெழுகும் சேர்ந்தே இருக்கும். ஐரோப்பிய டீசல் தரமான இ.என். 590, ஆவி தீப்பற்றும் வெப்பநிலை 55 டிகிரி செல்சியஸுக்கு மேலும், எஞ்சினில் எவ்வளவு எளிதாக எரியத் தொடங்கும் என்பதைக் காட்டும் சீட்டேன் எண் குறைந்தது 51 ஆகவும் இருக்க வேண்டும் என்கிறது. மறுபடி ஆவியாக்கி, பகுதி பகுதியாக வடித்துப் பிரித்தால்தான் அந்த அளவை நெருங்க முடியும். வடித்த அன்று தேன் நிறத்தில் தெளிவாக இருந்த மாதிரி, அலமாரியில் நாள்பட நாள்படக் கறுத்துப் பிசினாகும். காற்றோடு எளிதில் வினைபுரியும் நிறைவுறா ஹைட்ரோகார்பன்களின் வேலை அது. அந்தப் பிசின், எஞ்சினுக்குள் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரின் நுண்துளைகளில் படிந்தால் தெளிப்பு கெட்டுப் புகை கூடும். அதனால்தான் ஹைட்ரஜன் ஏற்றிச் சுத்திகரிக்கிறார்கள். இல்லாவிட்டால் டீசலோடு சிறிதளவே கலந்து ஓட்டுகிறார்கள்.

மறுபடி பிளாஸ்டிக்காகவே உருக்கி வார்க்கக்கூடியதை எண்ணெயாக்கி எரிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. வேறு எதற்கும் ஆகாததே உலைக்குப் போக வேண்டும்.

உலையில் வினையை வேகப்படுத்தும் புதிய வினையூக்கி வாங்கலாமா என்று நிர்வாகம் கருத்துக் கேட்டது. இன்னொரு மிதவைத் தொட்டியும், மேசையில் நிற்பவர்களுக்குக் கூலி உயர்வும் முதலில் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.