காட்டிலிருந்து தடிமரத்தை வெளியே கொண்டுவர எந்த இயந்திரம்?

வெட்டிய மரங்களைக் காட்டுக்குள்ளிருந்து லாரி நிற்கும் பாதைக்குக் கொண்டுவர எந்த இயந்திரம் வாங்கலாம் என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் குதிரைத்திறனையும் விலையையும் ஒப்பிட்டே பேச்சைத் தொடங்குகிறார்கள். அந்தப் பேச்சு மண்ணிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மரத்தை விற்ற பிறகும் அதே மண்தான் அடுத்து நடும் கன்றுகளையும், வெட்டாமல் விட்ட மரங்களையும் வளர்த்தாக வேண்டும்.

காட்டு மண்ணின் மேலடுக்கு துளைகள் நிறைந்தது. நீரும் காற்றும் வேர்களை அடைவது அந்தத் துளைகள் வழியாகத்தான். கனமான சக்கரம் ஏறும்போது அவை நசுங்குகின்றன; மழைநீர் உள்ளே இறங்காமல் சக்கரத் தடத்திலேயே ஓடி, சரிவில் ஓடையாகி மண்ணை அரித்துச் செல்கிறது. இந்த இறுக்கத்தின் பெரும்பகுதி இயந்திரம் ஒரே தடத்தில் செல்லும் முதல் சில ஓட்டங்களிலேயே ஏற்பட்டுவிடுகிறது என்பதையும், அது தானாகச் சரியாகப் பல பத்தாண்டுகள் ஆகலாம் என்பதையும் மனத்தில் வைத்தால், காடு முழுவதும் பரவலாக ஓட்டுவதைவிடச் சில வழித்தடங்களைக் குறித்துக்கொண்டு அவற்றில் மட்டுமே ஓட்டுவது ஏன் நல்லது என்பது விளங்கும். கழித்த கிளைகளையும் தழைகளையும் அந்தத் தடங்களில் தடிமனாகப் பரப்பினால், அவை மெத்தைபோல் பாரத்தைப் பகிர்ந்துகொள்ளும்.

அகலமான டயரோ சக்கரங்களின் மேல் மாட்டும் இரும்புப் பட்டையோ இருந்தால் மண்ணுக்குக் கேடில்லை என்று விற்பவர்கள் சொல்வது பாதி உண்மைதான். பாரம் அதிகப் பரப்பில் விழுவதால் மேல்மண் தப்பிக்கிறது. ஆனால் ஆழ்மண் எவ்வளவு இறுகும் என்பதைப் பெரிதும் தீர்மானிப்பது ஓர் அச்சின் மேல் விழும் மொத்த எடை. பச்சை மரம் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ ஒரு டன் எடை இருக்கும். இனத்தைப் பொறுத்துச் சற்றுக் கூடும், குறையும். வெறும் வண்டியே 15 டன் எடையுள்ள இயந்திரத்தில் 12 கன மீட்டர் மரத்தை ஏற்றினால், ஏறத்தாழ 27 டன் அந்த மண்ணின் மேல் செல்கிறது. மணற்பாங்கான உலர்ந்த தரை அதைத் தாங்கலாம். ஈரமான களிமண் தாங்காது. ஆகவே நிலத்தில் மிக ஈரமான பகுதி எது, ஆண்டில் எத்தனை மாதங்கள் அது உலர்ந்திருக்கும் என்பதை முதலில் பார்த்து, அதற்கேற்ற எடை வகுப்பைத் தீர்மானிப்பதே முறை.

அடுத்து, மரத்தை இழுப்பதா, சுமப்பதா என்பது. ஸ்கிட்டர் என்னும் இழுவை இயந்திரம் தடியின் ஒரு முனையைத் தூக்கிப் பிடித்து மறுமுனையைத் தரையில் இழுத்து வரும். நீளமான முழுத் தடிகளுக்கும் குறைந்த தூரத்துக்கும் அது ஏற்றது. ஆனால் வளைவுகளில் தடியின் வால்முனை வீசி, நிற்கும் மரங்களின் பட்டையை உரித்துவிடும்; தடியில் ஒட்டும் மண்ணும் கல்லும் மர அறுவை ஆலையின் வாளை மழுக்கும். ஃபார்வர்டர் என்னும் சுமை இயந்திரம், காட்டிலேயே அளவாக அறுத்த துண்டுகளைத் தன் கிரேனால் எடுத்து அடுக்கிச் சுமந்து வருகிறது. மரம் சுத்தமாக வந்து சேரும், ஒரு நடையில் அதிகம் வருவதால் நீண்ட தூரத்துக்கும் கட்டுப்படியாகும். மரங்களைக் களைந்தெடுத்து மற்றவற்றை வளரவிடும் காட்டுக்கு நான் தயங்காமல் இதையே பரிந்துரைப்பேன்.

சரிவு மிகச் செங்குத்தானால் இரண்டுக்குமே இடமில்லை. அங்கே இயந்திரத்தைப் பாதையில் நிறுத்திவிட்டு, உயரே கட்டிய கம்பிவடத்தில் மரத்தைத் தொங்கவிட்டு இழுக்கும் வட அமைப்புதான் பொருத்தம். கட்டி முடிக்க நேரம் பிடிக்கும், பயிற்சி பெற்ற குழு தேவை, செலவும் அதிகம். என்றாலும் சரிவில் சக்கரம் ஏறாததால் மண் தப்பிக்கிறது.

சிறிய காடு வைத்திருப்பவர்களுக்கு, ஏற்கெனவே இருக்கும் டிராக்டரின் பின்புறம் பொருத்தும் வின்ச், அதாவது வடத்தை உருளையில் சுற்றி இழுக்கும் கருவி, பெரும்பாலும் போதுமானது. டிராக்டர் வழித்தடத்திலேயே நிற்க, வடம் மட்டும் காட்டுக்குள் சென்று தடியை இழுத்து வருவதே இதன் பெரிய நன்மை. வாங்கும்போது விளம்பரத்தில் உள்ள இழுவிசை எந்த நிலையில் அளக்கப்பட்டது என்று கேட்க வேண்டும்: உருளையில் வடம் குறைவாகச் சுற்றியிருக்கும்போது இழுவிசை அதிகமாகவும், நிறையச் சுற்றியிருக்கும்போது குறைவாகவும் இருக்கும். தடியில் ஒரு கப்பியை மாட்டி வடத்தை இரட்டிப்பாகத் திருப்பிக் கட்டினால், வேகம் பாதியானாலும் விசை ஏறத்தாழ இரு மடங்காகும் என்பதால், பெரிய வின்சைவிட ஒரு நல்ல கப்பி பல நேரங்களில் மலிவான தீர்வு. டிராக்டர் கவிழ்ந்தாலும் நசுங்காத பாதுகாப்புச் சட்டகம், ஓட்டுநருக்குப் பின்னால் கம்பிவலைத் தடுப்பு, அடிப்பகுதிக்கு இரும்புத் தகடு ஆகியவை இல்லாமல் காட்டுக்குள் இறங்கவே கூடாது. அறுந்த வடம் சொடுக்கும் வேகத்தில் உயிர் போகும். இழுபடும் வடத்தின் நேர்க்கோட்டிலும், அது கப்பியில் வளையும் கோணத்தின் உட்புறத்திலும் எவரும் நிற்கலாகாது.

ஃபார்வர்டர் போன்ற பெரிய இயந்திரம், ஆண்டு முழுவதும் வேலை இருந்தால்தான் தன் விலையை ஈட்டும். சில வாரங்களுக்கே வேலை உள்ளவர்கள் ஒப்பந்தக்காரரை அமர்த்துவதே மேல். அப்போதும் இயந்திரத்தின் எடை, டயரின் அகலம், குறித்த வழித்தடங்களை விட்டு விலகாமை, ஓடையைக் கடக்கத் தற்காலிகப் பாலம் ஆகியவற்றை ஒப்பந்தத்தில் எழுத்தில் பெற வேண்டும். மழை பெய்து தடம் ஆழமாகப் பதியத் தொடங்கினால் வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை நிலத்துக்காரருக்கு உண்டு என்பதையும், அப்படி நிற்கும் நாள்களுக்கு இயந்திர வாடகையை யார் ஏற்பது என்பதையும் முன்கூட்டியே பேசி முடித்துவிட வேண்டும்.