இரண்டு அறுவைகளுக்கு நடுவே

இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனியில், மார்பில் ஒன்றும் வயிற்றில் ஒன்றுமாக அனூரிசம் எனப்படும் வீக்கம் உள்ளவர்களுக்கு மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. "இரண்டையும் ஒரேயடியாகச் சரிசெய்துவிடக் கூடாதா, டாக்டர்?" என்று பலரும் கேட்பார்கள். சிலருக்கு அப்படியும் செய்கிறோம். பெரும்பாலும் கட்டம் கட்டமாகத்தான். முக்கியக் காரணம் தண்டுவடம்.

தண்டுவடத்துக்கான ரத்தத்தில் பெரும்பங்கு பெருந்தமனியிலிருந்து பிரியும் சிறு கிளைகள் வழியே போகிறது. பெருந்தமனியின் நீண்ட பகுதியைச் செயற்கைக் குழாயாலோ உள்ளிருந்து பொருத்தும், துணி போர்த்திய கம்பிவலைக் குழாயான ஸ்டென்ட் கிராஃப்டாலோ ஒரே நாளில் சரிசெய்தால் அவற்றில் பல அடைபட்டு, இரு கால்களும் செயலிழக்கலாம். இடைவெளி விட்டால் மற்ற கிளைகள் அந்தப் பொறுப்பை ஏற்கப் பழகிவிடுகின்றன. எதை முதலில் தொடுவது? வலிப்பது, வேகமாகப் பெருப்பது முதலில். அறிகுறியே இல்லையென்றால் பெரும்பாலும் பெரியது.

எனக்குக் கடினமானது முதல் அறுவைக்குப் பிந்தைய இரவு. தண்டுவடம் பிழைக்க ரத்த அழுத்தம் உயர்ந்திருக்க வேண்டும். தொடாமல் விட்ட வீக்கம் வெடிக்காதிருக்க அது தாழ்ந்திருக்க வேண்டும். துடிப்புக்குத் துடிப்பு ஏறி இறங்கும் அழுத்தத்தின் சராசரியை 80, 90 மி.மீ. பாதரச அளவுக்குக் கீழே இறங்கவிடாமல், அதற்கு மேல் எவ்வளவு துணியலாம் என்பதை மிச்சமுள்ள வீக்கத்தின் அளவைப் பார்த்தே முடிவு செய்கிறோம். தண்டுவடத்தைச் சுற்றியுள்ள அழுத்தம் குறைந்து அதற்குள் ரத்தம் பாய, முதுகில் செருகிய மெல்லிய குழாய் வழியே தண்டுவடத் திரவத்தை வடிப்பதும் உண்டு. அளவு மீறி வடித்தால் மூளையைச் சுற்றி ரத்தக்கசிவு வரலாம். மணிக்கு மணி செவிலியர் நோயாளியைக் காலைத் தூக்கச் சொல்கிறார். எந்தக் கருவியைவிடவும் அந்தச் சோதனையையே நான் நம்புகிறேன். முதலில் நன்றாக அசைந்த கால் சில நாள் கழித்துத் தளர்வதுண்டு. உடனே கவனித்து அழுத்தத்தை உயர்த்தினால் பலம் திரும்பவும் வாய்ப்பிருக்கிறது.

ஆனால் அந்த இரவைத் தாண்டியவர்களில் சிலர் இரண்டாம் அறுவைக்கு வருவதே இல்லை. வலி இல்லை, நடக்கிறார்கள், குணமாகிவிட்டதாக வீட்டிலும் நினைத்துவிடுகிறார்கள். மிச்சமுள்ள வீக்கமோ சத்தமில்லாமல் வளரக்கூடியது. அதனால் வீட்டுக்கு அனுப்பும் முன்பே குடும்பத்தை உட்காரவைத்து, சி.டி. ஸ்கேன் படத்தில் இன்னும் சரிசெய்யாத இடத்தைக் காட்டுகிறேன். ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது, புகைப்பதை அடியோடு விட வேண்டும், திடீரென முதுகோ வயிறோ வலித்தால் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும் என்கிறேன். அடுத்த அறுவைக்கான தேதியையும் அன்றே, அவர்கள் கண்முன்னாலேயே குறித்துத் தரும்படி அறுவை நிபுணரிடம் கேட்டுக்கொள்கிறேன்.