பங்கேற்பு மதிப்பெண்: வாய் திறக்கக் கற்றுக்கொண்ட செமஸ்டர்

கலந்துரையாடலாகவே நடக்கும் பாடம் ஒன்றை முதல்முறை எடுத்தபோது, பங்கேற்புக்கு மட்டும் 20 மதிப்பெண் என்றார்கள். ஒரு வகுப்பைக்கூட விடவில்லை, எல்லாக் கட்டுரைகளையும் படித்தேன். பாதி செமஸ்டரில் கிடைத்தது 8. மனசு கேட்காமல் ஆசிரியரைப் போய்ப் பார்த்தேன். அவர் தன் நோட்டைத் திருப்பிக் காட்டினார். என் பெயருக்கு நேரே வருகைக் குறி வரிசையாக இருந்தது. பக்கத்தில், பேசியதைக் குறிக்கும் கட்டம் முழுக்கக் காலி. "நீங்க படிச்சிட்டுத்தான் வர்றீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து படிக்கும் முறையை மாற்றினேன். அடிக்கோடு போட்டதோடு விடாமல், ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்வியையும் பக்க எண்ணையும் எழுதிக்கொண்டேன். குற்றமும் தண்டனையும் பற்றிய ஒரு கட்டுரைக்கு நான் எழுதியது இது: 'பக். 3: தண்டனை எவ்வளவு கடுமை என்பதைவிட, பிடிபடுவோம் என்ற பயம்தான் குற்றத்தைத் தடுக்கும் என்கிறார். பக். 7: சிறைக்காலத்தை நீட்டச் சொல்கிறார். எப்படி ஒத்துப்போகும்?' அவ்வளவுதான். 'கட்டுரை அருமை' என்று சொல்லியிருந்தால் பேச்சு அங்கேயே நின்றிருக்கும். இந்தக் கேள்விக்கு அரை மணி நேரம் விவாதம் ஓடியது.

முன்கூட்டியே எழுதி வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறை ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை 3 விநாடி அளவுக்கு நீட்டியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். அவர் பார்த்தது பள்ளி வகுப்புகளை. ஆனால் யோசித்துப் பேசுகிறவர்களுக்குக் கல்லூரியிலும் அதே கதைதான்: நாம் வாக்கியத்தைக் கோத்து முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும். அந்த விநாடிகளை வீட்டிலேயே செலவழித்துவிட்டு வந்தால் கை தானாக உயரும். முதல் பத்து நிமிடத்துக்குள் கேட்டுவிடுங்கள். தாமதித்தால் உங்கள் கருத்தை வேறொருவர் சொல்லிவிடுவார். அப்புறம் மனசுக்குள் புழுங்குவதுதான் மிச்சம்.

ஒரு வகுப்பில் இரண்டு முறை பேசினால் போதும். இரண்டாவது முறை, இன்னொருவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு பேசுங்கள். இதற்காகவே மற்றவர்கள் சொல்வதைப் பெயரின் முதல் எழுத்தோடு குறித்துக்கொள்வேன். "அவர் சொன்னதை ஏற்கிறேன், ஆனால் ஐந்தாம் பக்கத்தில் வேறு மாதிரி இருக்கிறதே" என்று ஆரம்பித்தால், படித்ததும் தெரியும், காது கொடுத்துக் கேட்டதும் தெரியும். புரியாததைப் "இன்னொரு முறை சொல்லுங்கள்" என்று கேட்பதும் பங்கேற்புதான்.

பேச வாய் வரவே மாட்டேன் என்கிறதா? இரண்டாவது வாரத்திலேயே ஆசிரியரிடம் போய்ச் சொல்லிவிடுங்கள். சிலர் எழுதிக் கொடுக்க விடுவார்கள், சிலர் முதல் கேள்வியை உங்களிடமே கேட்டுத் தொடங்கி வைப்பார்கள். கடைசி வாரத்தில் போய் நின்றால் அவருக்கும் வழியிருக்காது.

செமஸ்டர் முடியும் சமயத்தில், பக்கத்தில் இருந்த மாணவி இரண்டு முறை கையைப் பாதி தூக்கி இறக்கிவிட்டாள். "இவங்க ஏதோ சொல்ல வந்தாங்க" என்றேன். அவள் பேச ஆரம்பித்தாள். ஆசிரியர் நோட்டில் இரண்டு இடத்தில் குறித்துக்கொண்டார்.