இருபது நிமிஷ டியூப்

பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டியில் நைட் டூட்டி பார்த்த காலம். கொஞ்சம் தாண்டினால் சித்தூர் மாவட்டம். வருகிறவர்களில் பாதிப் பேருக்குக் கோபம் தெலுங்கில்தான் வரும்.

ராத்திரி ஒன்பதே முக்கால் இருக்கும். கரும்புக்குத் தண்ணி பாய்ச்சப் போன இடத்தில் பாம்பு கடித்த அம்மாவை பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுவந்தார்கள். கணுக்காலுக்கு மேல் சேலைக் கிழிசலை இறுக்கிக் கட்டியிருந்தது. பாதம் வீங்கிப் பளபளத்தது. கூட வந்த தம்பிக்காரர் மேல் சாராய வாடை. மேஜையை அறைந்தார்: "சூதி வெய்யண்டி! ஏமி சூஸ்துன்னாரு?" ஊசி போடுங்க, என்ன பார்த்துட்டு இருக்கீங்க என்று.

ஈறில் ரத்தமோ இமை சொருகலோ இருந்தால் காத்திருக்கவே மாட்டோம். வெறும் வீக்கம் என்றால் 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, காய்ந்த கண்ணாடி டியூபில் 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையவில்லை என்றால் கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் மாதிரிப் பாம்பின் விஷம் ஏறியிருக்கிறது. விஷமுறிவு மருந்து குதிரை ரத்தத்திலிருந்து வருவது. சிலருக்கு அலர்ஜி வந்து உயிருக்கே ஆபத்தாகும். எல்லாக் கடியிலும் விஷம் இறங்கியிருக்காது.

இதையெல்லாம் பதறிக்கொண்டு நிற்கிறவரிடம் சொல்லிப் புரியவைக்க முடியுமா? அவர் கண்ணுக்கு நாங்கள் சும்மா நிற்கிறோம். முன்பு ஒருமுறை "வெளியே போங்க" என்று கத்தி, ஜன்னல் கண்ணாடி போனதுதான் மிச்சம்.

இந்தத் தடவை குரலைத் தாழ்த்தி, "அண்ணா, கூர்ச்சோண்டி" என்றேன். என் தெலுங்கு அவ்வளவுதான். டியூபை ஸ்டாண்டில் வைத்து, எதிரே ஸ்டூலைப் போட்டேன். "மணி பத்து. பத்து இருபது வரைக்கும் யாரும் இதைத் தொடக் கூடாது. பார்த்துக்கங்க."

உட்கார்ந்தே விட்டார். பக்கத்தில் வந்த அட்டெண்டரைக்கூட விரட்டினார். அதற்குள் கையில் லைன் போட்டு, டாக்டர் பக்கத்தில் நிற்க, கால் கட்டை மெதுவாகத் தளர்த்தினோம். சட்டென்று அவிழ்த்தால் தேங்கிய விஷம் ஒரேயடியாக ஏறிவிடும்.

பத்து இருபதுக்கு டியூபைச் சாய்த்தேன்.

"தண்ணி மாதிரி ஓடுதே சிஸ்டர்!"

விஷமுறிவு மருந்து பத்து குப்பி கலந்து ட்ரிப்பில் ஏற்றினோம். அலர்ஜி வந்தால் போட அட்ரினலினை சிரிஞ்சில் நிரப்பி ட்ரேயில் தயாராக வைத்திருந்தோம், தேவைப்படவில்லை.

ஆறு மணி நேரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னது அவர் காதிலும் விழுந்திருக்கிறது. விடிகாலை நாலரைக்கு, வாடையெல்லாம் போய், கையில் டீ கிளாஸோடு வந்து நின்றார்.

"டியூபு எங்க சிஸ்டர்?"