புரட்டாசியில் மீன் வாடை

போன புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை, இரவு பதினொன்றரை மணி. புக்கிட் மெர்தாஜாமிலிருந்து ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவர் அழைத்தார். “தம்பி, கார் போர்ச்சுல மீன் வாடை அடிக்குது. நம்ம வீட்டுல மாசம் முழுக்க சைவம். அம்மா பக்கத்து வீட்டைத் திட்டிக்கிட்டு இருக்காங்க. எனக்கு என்னமோ உங்க பெட்டி மேலதான் சந்தேகம்.”

மின்சாரக் காருக்குச் சார்ஜ் ஏற்ற வீட்டுச் சுவரில் மாட்டும் பெட்டி அது; நானும் மச்சானும் செய்து விற்பது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருஷம் டெஸ்டிங்கில் இருந்தவன் நான். ஒயரைத் திருகி மாட்டும் டெர்மினலின் பிளாஸ்டிக் சூட்டில் வெந்தால் அதிலிருந்து கெட்ட மீன் மாதிரி வாடை வரும் என்று மூக்குக்குத் தெரியும். “சார், பெட்டியைத் தொடாதீங்க. ஃபியூஸ் பெட்டியில சுவிட்சை இறக்கிடுங்க, வந்துட்டேன்” என்றேன். பினாங்குத் தீவில் ஜெலுத்தோங்கிலிருந்து பாலம் ஏறி அக்கரை போய்ச் சேரும்வரை மனசு மனசாக இல்லை.

திறந்து பார்த்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை. எட்டு மாதம் நானும் மச்சானும் தூக்கம் கெட்டு வடிவமைத்த பலகை அது! வீட்டு ஒயர் வந்து சேரும் டெர்மினலில் ஒரே ஒரு திருகு தளர்ந்திருந்தது. சுற்றியிருந்த பிளாஸ்டிக் பழுப்பாகி விட்டது.

கணக்கு சின்னதுதான். எங்கள் பெட்டி 230 வோல்ட்டில் 32 ஆம்பியர் கொடுக்கும், சுமார் 7.4 கிலோவாட். தளர்ந்த இணைப்பில் 10 மில்லி ஓம் தடை ஏறினால் போதும், அந்தத் திருகிலேயே 10 வாட் சூடு. காற்றுப் புகாத பெட்டிக்குள் அது எங்கே போகும்? தண்ணீர் கொதிக்க வைக்கிற ஜக் நிறைய கரண்டு இழுக்கும், ஆனால் ஐந்து நிமிஷத்தில் நின்று விடும். கார் அப்படியில்லை. ராத்திரி முழுக்க ஆறு மணி நேரம் இழுக்கும், காலையில் சூடு தணியும், மறுநாள் மறுபடி சூடாகும். முறுக்கிய செம்பு இழைகள் இந்த ஏற்ற இறக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிந்து, திருகின் பிடி விட்டுப் போகும்.

பொருத்திய வயர்மேனைக் குற்றம் சொல்ல மனசு வரவில்லை. எவ்வளவு இறுக்க வேண்டும் என்று பெட்டியோடு கொடுத்த பொருத்தும் முறைத் தாளில் நான் எங்கே எழுதியிருந்தேன்? “நன்றாக இறுக்கவும்” என்றுதான் இருந்தது. இழைகளைச் சேர்த்துப் பிடிக்க ஒயர் நுனியில் மாட்டும் செம்புக் குப்பியையும் நான் பெட்டியோடு கொடுக்கவில்லை. சில காசு மிச்சம்.

மச்சான் அன்று இரவே வாடிக்கையாளர் வீடுகளில் இருந்த 23 பெட்டிகளையும் இருந்த இடத்திலிருந்தே 16 ஆம்பியருக்கு இறக்கி விட்டான். இதைப் பலர் நம்புவதில்லை: சுவரில் தொங்குவது சார்ஜரே இல்லை, சார்ஜர் காருக்குள் இருக்கிறது. பெட்டி ஒரு மெல்லிய கம்பி வழியாக நொடிக்கு ஆயிரம் துடிப்பு அனுப்பி, “இவ்வளவுதான் எடுக்கலாம்” என்று காருக்குச் சொல்லும். துடிப்பின் அகலம் ஒரு சுற்று நேரத்தில் 53 சதவீதம் என்றால் 32 ஆம்பியர். அதைப் பாதியாக்கினால் 16. கார் ஐந்து நொடிக்குள் கேட்டுக்கொள்ளும். மின்னோட்டம் பாதியானால் திருகில் சூடு கால்வாசி. மறுநாள் காலை ஏழு பேர் “கார் நிறையவே இல்லை” என்று சண்டைக்கு வந்தார்கள். வரட்டும்.

அடுத்த மூன்று வாரம் அளவு வைத்து இறுக்கும் டார்க் ஸ்குரூடிரைவரோடு வீடு வீடாகப் போனேன். புது பலகையில் டெர்மினலை ஒட்டி ஒரு வெப்ப உணரி உண்டு. ஒரு தே தாரிக் தேநீர் விலைகூட ஆகாது. சூடு ஏறினால் பெட்டி தானாகவே துடிப்பைக் குறைத்துக்கொள்ளும். ஆனால் பலகை மாறினால் மறுபடி சோதனை, மறுபடி தாள் வேலை. அடுத்த நாற்பது பெட்டிகளுக்கு வாங்கி வைத்த பழைய பலகைகள் என் அம்மாவின் அரிசி டின்னுக்குப் பக்கத்தில் அடுக்கிக் கிடக்கின்றன.

ஆயர் ஈத்தாமில் ஒரு வீடு மட்டும் பாக்கி. வீட்டுக்காரர் மகளைப் பார்க்க ஈப்போ போயிருக்கிறார், கேட்டில் பூட்டு. அந்தப் பெட்டி இன்னும் 16-லேயே ஓடுகிறது.