கொழுப்பு நொறுக்குத்தீனியும் நாயின் கணையமும்

நாய்க்குச் சிப்ஸ் கொடுக்கலாமா என்ற கேள்வி கால்நடை மருத்துவமனையில் ஓயாமல் வரும். ஒரு துண்டு எதுவும் செய்யாது என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. நாயின் எடையைக் கேட்காமல் அளவைப் பற்றிப் பேச முடியாது.

கருத்தடை செய்யப்பட்ட, 10 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 630 கலோரி போதும். தின்பண்டங்கள் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. 100 கிராம் உருளைக்கிழங்குச் சிப்ஸில் 530 கலோரிக்கு மேலும், கொழுப்பு மட்டுமே 35 கிராம் அளவிலும் இருக்கும். 30 கிராம் பாக்கெட் ஒன்றைத் தின்றாலே அந்த நாயின் அன்றாடத் தேவையில் கால் பங்கு முடிந்துவிடும். 5 கிலோ நாய்க்கு அதுவே நாற்பது சதவீதத்தைத் தாண்டும்.

எடை கூடுவது மெல்ல வரும் தொல்லை. உடனடியாகப் பயப்பட வேண்டியது, கொழுப்பு மிகுந்த தீனி தூண்டிவிடக்கூடிய கணைய அழற்சிக்கு (கணையம் வீங்கிப் புண்ணாகும் நோய்). செரிமான நொதிகள் குடலை அடையுமுன் கணையத்துக்குள்ளேயே வேலையைத் தொடங்கி, அந்த உறுப்பையே அரிக்கும். மினியேச்சர் ஷ்னாசர் போன்ற இனங்களுக்கும், உடல் பருத்த நாய்களுக்கும், முன்பு ஒருமுறை இந்நோய் வந்தவற்றுக்கும் ஆபத்து அதிகம். இவற்றுக்கு ஒரு துண்டுகூட வேண்டாம் என்பதே என் கருத்து.

வாந்தி பெரும்பாலும் தின்ற உடனே வராது. சில மணி நேரத்திலும் தொடங்கலாம், இரண்டு மூன்று நாள் கழித்தும் தொடங்கலாம். அதற்குள் வீட்டில் எல்லோரும் அந்தப் பண்டத்தை மறந்திருப்பார்கள். "நாய்க்கு என்ன கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் வழக்கமான சாப்பாடுதான் என்பார்கள்; பொய்யில்லை, கொடுத்தவர் வேறொருவராக இருப்பார். "மூன்று நாளாக வீட்டில் யார் என்ன சாப்பிட்டீர்கள், குப்பைக்கூடை கவிழ்ந்ததா?" என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். முன்னங்கால்களைத் தரையில் நீட்டி, பின்புறத்தைத் தூக்கியபடி நாய் நின்றால் விளையாட அழைக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள். வாந்தியும் சோர்வும் சேர்ந்திருந்தால் அது வயிற்றுவலி. உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது நிலைமையை மோசமாக்கும். அந்த உப்பே நஞ்சாகலாம்.

மசாலா தடவிய நொறுக்குத்தீனிகளில் வெங்காயத் தூள், பூண்டுத் தூள் இருக்கலாம். இவை சிவப்பணுக்களைச் சிதைக்கும். ஈறு வெளுப்பதும் சிறுநீர் கருப்பதும் சில நாள் கழித்தே தெரியும். பருப்புக் கலவையில் மக்கடேமியா கொட்டையோ உலர்திராட்சையோ இருந்தால் அறிகுறிக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவரை அழையுங்கள், பாக்கெட்டையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

காலி பாக்கெட்டும் கொல்லும். நாய் தலையை உள்ளே விட்டு மூச்சிழுக்கும்போது உறை முகத்தோடு ஒட்டிக்கொள்ளும், சில நிமிடங்களில் மூச்சுத்திணறி இறந்துவிடும். அடிப்பக்கத்தையும் ஒரு பக்கவாட்டையும் வெட்டி விரித்த பிறகே மூடியுள்ள குப்பைத்தொட்டியில் போடுங்கள்.